கார்டு கொதிக்கிறது, படம் மாறுகிறதா?

2025 பிப்ரவரியில் வெளியான மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் கேமுக்கு அதைச் செய்த கேப்காம் நிறுவனம் கொடுத்திருந்த ஹார்டுவேர் பரிந்துரையில் ஒரு வரி பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1080பி (1920-க்கு 1080 புள்ளிகள்) திரையில் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம் கிடைக்கும், ஆனால் பிரேம் ஜெனரேஷனைப் போட்டுக்கொண்டால்தான். அதாவது அந்த 60-இல் பாதியைத்தான் கேம் வரைகிறது. மீதிப் பாதி, இரண்டு பிரேம்களுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துச் செருகியது. 1080பி ஒன்றும் பணக்காரத் திரை இல்லை. பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் தன் பயனர்களிடம் மாதாமாதம் எடுக்கும் கணக்கெடுப்பில் அதிகம் பேர் வைத்திருப்பது அதைத்தான். சரி, அந்தச் சாதாரணத் திரையில் ஊகித்த பிரேமையும் சேர்த்து ஓட்ட வேண்டிய அளவுக்கு அப்படி என்ன காட்டுகிறார்கள் என்று பார்த்தால், பரந்த புல்வெளி, மாறும் வானிலை, கூட்டம் கூட்டமாக விலங்குகள் எல்லாம் இருக்கின்றன. கூடவே, பல இடங்களில் கழுவிவிட்ட மாதிரி மங்கலான டெக்ஸ்சர்களும் (பொருள்கள்மேல் போர்த்தும் படங்களும்) இருந்தன.

கேம் ஆடுகிறவர்கள் புதிய கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு கொடுப்பதற்கு முணுமுணுப்பார்களே தவிர, ஏன் என்று கேட்கமாட்டார்கள். கேட்கத் தேவையும் இருந்ததில்லை. 1998 நவம்பரில் ஹாஃப்-லைஃப் வந்தது. அதில் பேசும் விஞ்ஞானிகளின் முகம் ஒரு பெட்டிமேல் ஒட்டிய படம், வாய் மட்டும் திறந்து மூடும். 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2. அதில் துணைக்கு வரும் அலிக்ஸ் நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள், புருவம் அசைகிறது, தூக்கி எறிந்த மரப்பெட்டி சிதறுகிறது. நடுவில் போனது ஆறே ஆண்டு. ஏன் புதுக் கார்டு வாங்கினாய் என்று வீட்டில் கேட்டால், திரையைக் காட்டினால் போதும்.

அதே ஆறு ஆண்டை 2018 அக்டோபரிலிருந்து எண்ணுவோம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வந்த மாதம் அது. முதல் அத்தியாயத்தின் பனிமலையில் கதாநாயகன் ஆர்தர் நடந்த தடம் ஆழமாகப் பதியும், கோட்டில் சேறு ஏறும், விடியற்காலையில் சதுப்பு நிலத்துப் பனிமூட்டத்துக்குள் வெயில் கீற்றாக இறங்கும். இவ்வளவும் ஓடியது 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 கன்சோலில். அதன் கிராஃபிக்ஸ் திறன் 1.84 டெராஃப்ளாப் (நொடிக்கு 1.84 லட்சம் கோடி கணக்கு), நினைவகம் எல்லாம் சேர்த்து 8 ஜிபி. 2023-இல் வந்த, 'நடுத்தரம்' என்று விற்கப்பட்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வெறும் எண் கணக்கில் 15 டெராஃப்ளாப். எட்டு மடங்கு. 2024-இல் வந்த பெரிய கேம்களை அந்தப் பனிமலையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு மடங்கு அழகு தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. சிலதில் ஒன்றரை மடங்கு தெரிகிறது, சிலதில் அதுவும் இல்லை.

இதே கேமின் பிசி பதிப்பு 2019-இல் வந்தபோது இன்னொரு வேடிக்கை வெளியே தெரிந்தது. கன்சோல் பதிப்பு பிசியின் எந்தச் செட்டிங்ஸுக்குச் சமம் என்று தொழில்நுட்ப விமர்சகர்கள் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் வாய்பிளந்து பார்த்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் பதிப்பில் பல அம்சங்கள் பிசியின் 'லோ', 'மீடியம்' அளவில்தான் இருந்தன. சிலது 'லோ'வுக்கும் கீழே. படம் நன்றாக இருந்ததற்குக் காரணம் செட்டிங்ஸ் பட்டியல் இல்லை, ஒவ்வொரு மரத்தையும் எங்கே நட வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்த ஓவியர்கள். உச்ச அளவான அல்ட்ரா என்று எழுதியிருக்கும் இடத்தில் ஹை என்று மாற்றினால் வேகம் கணிசமாகக் கூடுவதும், ஆடும்போது கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் போவதும் அந்தக் கேமுக்கு மட்டும் உரியதல்ல.

அப்படியானால் அந்த எட்டு மடங்கு எங்கே போகிறது?

ஒரு பங்கு பிக்சலுக்குப் போகிறது. 1080பி திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல், 4கே திரையில் சுமார் 83 லட்சம். அதே படத்தை அதே வேகத்தில் கூர்மையாகக் காட்ட மட்டுமே நான்கு மடங்கு வேலை. அப்புறம் முக்கோணங்கள். கேமில் தெரியும் எல்லாப் பொருளும் முக்கோணங்களால் ஆனது. அவை சிறுத்துச் சிறுத்து ஒரு பிக்சல் அளவுக்கு வந்துவிட்டால், அதற்குமேல் கூட்டினாலும் கண்ணுக்கு எதுவும் புதிதாகத் தெரியாது. கார்டுக்கோ வேலை அதிகம். ஏனென்றால் கிராஃபிக்ஸ் சிப் பிக்சல்களை இரண்டுக்கு இரண்டு என்று நான்கு நான்காகக் கையாளும். முக்கோணம் ஒரே பிக்சலை மூடினாலும் நான்குக்கும் கணக்குப் போட வேண்டும், மூன்று வீண். பல ஸ்டுடியோக்கள் கேம் செய்யப் பயன்படுத்தும், எபிக் நிறுவனத்தின் அன்ரியல் எஞ்சின் 5-இல் உள்ள நானைட் என்ற நுட்பம் இந்த இடத்தில்தான் சாமர்த்தியம் காட்டுகிறது. ரொம்பச் சிறிய முக்கோணங்களைச் சிப்பின் வழக்கமான பாதையில் விடாமல் தானே எழுதிய மென்பொருள் வழியில் வரைகிறது. 2020 மே மாதம் எபிக் காட்டிய செய்முறையில் ஒரு சிலைக்கு மட்டும் 3.3 கோடிக்கு மேல் முக்கோணங்கள். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. அந்தச் சாமர்த்தியத்துக்கும் ஓர் அடிப்படைச் செலவு உண்டு, அது காட்சி எளிமையானாலும் முழுதாகக் குறையாது.

ஆனால் பெரும் பங்கு போவது ஒளிக்கு. விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ஜன்னல் வழியே வரும் வெயில் சிவப்புத் தரையில் பட்டு, அங்கிருந்து எகிறி வெள்ளைச் சுவரில் லேசான சிவப்பைப் பூசும். மேசைக்கு அடியில் முழு இருட்டு இருக்காது, சுற்றியுள்ளவற்றின் சாயல் கலந்த மங்கல் இருக்கும். இந்த எகிறும் ஒளிதான் ஓர் அறையை அறையாகக் காட்டுகிறது. அதைக் கணக்கிடுவது மிகக் கடினம். எனவே ஸ்டுடியோக்கள் நெடுநாளாகக் கையாண்ட வழி, கேமை விற்பதற்கு முன்பே தங்கள் கம்ப்யூட்டர்களில் இரவு முழுக்க, தேவைப்பட்டால் நாள்கணக்கில் ஓடவிட்டு, ஒளி எங்கெங்கே எப்படி விழும் என்று கணக்குப் போட்டு அதைப் படமாகச் சேமித்துவிடுவது. பேக் செய்வது என்பார்கள். நம் வீட்டுக் கார்டு அந்தப் படத்தை எடுத்துச் சுவரில் ஒட்டினால் முடிந்தது.

இதன் உச்சம் 2014-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி. வெளியான வாரத்தில் முகம் காணாமல்போய் கண்ணும் பல்லும் மட்டும் மிதந்ததைச் சொல்லிச் சிரித்தவர்கள், புரட்சிக்காலப் பாரிஸின் உள்ளறைகளை இன்று திரும்பப் பார்த்தால் சிரிக்கமாட்டார்கள். தேவாலயத்துத் தரையில் விழும் வெளிச்சம், கூடத்துத் திரைச்சீலையின் மடிப்பு நிழல் எல்லாம் பத்தாண்டு கடந்தும் நிற்கின்றன. அதற்கு அந்தக் கேம் கொடுத்த விலையும் உண்டு. பாரிஸில் சூரியன் தொடர்ந்து நகராது. முன்பே தேர்ந்தெடுத்து வைத்த சில பொழுதுகள் மட்டும்தான். எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு ஒட்டிவிட்டதால் சுவரை இடிக்க முடியாது, விளக்கை நகர்த்த முடியாது. ஓவியர் ஒரு தூணை இரண்டடி தள்ளி வைத்தால், மறுபடி பேக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஒளிக்கதிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து கணக்கிடும் ரே டிரேசிங் இந்த வேலையை ஆடும் நேரத்திலேயே செய்கிறது. 60 பிரேம் வேண்டும் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் அவகாசம். ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர்கள் ராத்திரி முழுக்கச் செய்த கணக்கை அதற்குள் செய்ய முடியாது என்பதால், பிக்சலுக்கு ஓரிரண்டு கதிர்களை மட்டும் அனுப்பி, வரும் புள்ளி புள்ளியான படத்தை வடிகட்டி, முந்தைய பிரேம்களிலிருந்து கடன் வாங்கிச் சரிசெய்கிறார்கள். இருண்ட மூலைகளில் ஒளி கொதிப்பதுபோல் நெளிவதும், வேகமாக ஓடும் உருவத்தின் பின்னால் மங்கலான வால் தெரிவதும் அதன் தழும்புகள்.

ஆக, வேலை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனவரிடம், மாவை நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள், கிரைண்டரும் உங்களுடையது, கரண்ட்டும் உங்களுடையது என்று சொல்வது மாதிரி. நடுவில் இட்லி விலையும் ஏறியிருக்கிறது. 60 டாலராக இருந்த பெரிய கேம்கள் 2020 முதல் 70 டாலர் ஆகிவிட்டன.

ஸ்டுடியோக்கள் இதை மறைக்கவும் இல்லை. 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ், ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. அதைச் செய்த இட் சாஃப்ட்வேர்காரர்கள், பழைய முறையில் ஒளியைப் பேக் செய்திருந்தால் கேம் முடிய ஆண்டுகள் கூடியிருக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அது நியாயமான காரணம்தான். சில நூறு பேர் பல ஆண்டு உழைக்கும் தொழிலில், ஒவ்வொரு தூணுக்கும் ஓர் இரவு காத்திருப்பது பெரிய செலவு. ஆனால் அந்த மிச்சம் அவர்களுக்கு. நமக்கு என்ன வந்தது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்குச் சில கேம்கள் நல்ல பதில் வைத்திருக்கின்றன. சைபர்பங்க் 2077-இல் 2023 ஏப்ரலில் சேர்த்த பாத் டிரேசிங்கை, அதாவது ஏறக்குறைய எல்லா ஒளியையும் கதிர்களாலேயே கணக்கிடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேமின் ஊரான நைட் சிட்டியின் கடைத்தெருவில் இரவில் நில்லுங்கள். சாதாரண முறையில் எல்லாக் கடைகளும் ஒரே மாதிரி மினுங்கும். உணவு வண்டிக்கு அடியில், தார்ப்பாய்க்குக் கீழே எல்லாம் காரணமில்லாத ஒரு வெளிச்சம் பரவியிருக்கும். பாத் டிரேசிங்கைப் போட்டதும் அந்த வெளிச்சம் போய்விடுகிறது. பெயர்ப்பலகையின் இளஞ்சிவப்பு அதற்குக் கீழே நிற்பவனின் ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிறது, தார்ப்பாய்க்கு அடியில் நிஜமான இருட்டு வருகிறது, பலகை அணைந்து எரிந்தால் சந்து முழுக்க நிறம் மாறுகிறது. நூற்றுக்கணக்கான விளக்குகள், நகரும் கார்கள், இரவு பகல் எல்லாம் உள்ள ஓர் ஊரில் இதை முன்கூட்டி ஒட்டிவைக்கவே முடியாது. இங்கே ஹார்டுவேர் கேட்பது நியாயம். ஆனால் விலை? 1,599 டாலருக்கு விற்ற ஆர்டிஎக்ஸ் 4090 கூட 4கே-இல் எந்த உதவியும் இல்லாமல் ஓட்டினால் நொடிக்கு 20 பிரேமை ஒட்டித் தடுமாறியது.

உதவி என்றால் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் மென்பொருள். 1080பி-யில் வரைந்து 4கே-க்கு விரித்துக்கொடுக்கும்போது பிக்சலில் கால்வாசிதான் உண்மையில் கணக்கிட்டது. அதற்குமேல் ஒன்றுவிட்டு ஒரு பிரேம் ஊகித்தது என்றால், எட்டில் ஒரு பங்கு. 2025-இல் வந்த 50 வரிசைக் கார்டுகளில் ஒரு நிஜப் பிரேமுக்கு மூன்று ஊகப் பிரேம் சேர்க்கலாம், அப்போது பதினாறில் ஒரு பங்கு. பிக்சலை விரிக்கும் பகுதியை நான் குறை சொல்லமாட்டேன், அது உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்பு, பழைய கார்டுகளுக்கு ஆயுள் கூட்டியிருக்கிறது. ஊகப் பிரேம் வேறு ரகம். இரண்டாவது பிரேம் தயாராகும்வரை முதலாவதைப் பிடித்துவைத்துத்தான் நடுவில் செருக முடியும். எனவே நிஜத்தில் 30 பிரேம் ஓடும் கேம் 60 போலத் தெரியும், கைக்கு 30 போலவே கனமாக இருக்கும், சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் மோசமாக. ஏற்கெனவே 70, 80 பிரேம் ஓடுவதை 144 ஆக்க அது உதவும். 60-க்கு முட்டுக்கொடுக்க அதை நம்புவது ஏமாற்று வேலை என்பது என் கருத்து.

2023 ஜூலையில் வந்த ரெம்னன்ட் 2 கேமின் ஸ்டுடியோ, அப்ஸ்கேலிங்கை, அதாவது இந்தப் பிக்சல் விரிப்பை மனதில் வைத்தே கேமை வடிவமைத்தோம் என்று சொன்னபோது பெரிய சலசலப்பு எழுந்தது. இன்று யாரும் அதைத் தனியாகச் சொல்வதுகூட இல்லை.

காசு போட்டாலும் தீராத ஒன்று உண்டு: திக்கல். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேம் கதவைத் திறந்ததும் அரை நொடி உறைந்து நிற்கும். கன்சோலில் சிப் ஒன்றுதான் என்பதால் ஷேடர்களை (நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் சிறு நிரல்களை) முன்பே தயாரித்துக் கொடுத்துவிடலாம். பிசியில் ஆயிரம் விதமான கார்டு, டிரைவர் சேர்க்கைகள். முதல்முறை தேவைப்படும்போது அங்கேயே தயாரிக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோது செய்ததுபோல, ஆடத் தொடங்குவதற்கு முன்பே நெடுநேரம் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. 1,999 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5090 வைத்திருப்பவரும் இதில் தப்புவதில்லை. அன்ரியல் கேம்கள் மெதுவாக ஓடுவது பற்றிக் கேட்டபோது எபிக்கின் தலைவர் டிம் ஸ்வீனி 2025-இல் ஸ்டுடியோக்களின் வேலை வரிசையைத்தான் காரணமாகச் சொன்னார்: முதலில் விலையுயர்ந்த கம்ப்யூட்டருக்காகச் செய்துவிட்டு, சாதாரணக் கம்ப்யூட்டருக்கான சீரமைப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். எஞ்சினை விற்பவர் பழியை வாங்கியவர்மேல் போடுவது எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சொன்னதில் உண்மை இருக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிளும் ரே டிரேசிங் இல்லாமல் ஓடாது. 2017-இல் அரசனாக இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டு வைத்திருந்தவர்கள் வாசலிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் அந்த வாசலைத் தாண்டிவிட்டால், 2019-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரே குறைந்தபட்சத் தேவைக்குப் போதும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்ற, இந்தத் தலைமுறையின் நோஞ்சான் பெட்டியிலும் 60 பிரேமில் ஓடுகிறது. இதற்கு முன்பே 2021-இல் மெட்ரோ எக்ஸோடஸ் கேமை முழுக்க ரே டிரேசிங் ஒளிக்கு மாற்றி, புதிய கன்சோல்களில் 60 பிரேமில் ஓட்டிக் காட்டினார்கள். ரே டிரேசிங் என்றாலே மெதுவாகத்தான் ஓடும் என்று ஒரு ஸ்டுடியோ சொன்னால், இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

ஆடுகிறவர்களே ஏற்கெனவே ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை அறிமுகம் செய்தபோது அதை வடிவமைத்த மார்க் செர்னி ஒரு தகவல் சொன்னார்: அழகா வேகமா என்று தேர்வு கொடுத்தால், சுமார் முக்கால்வாசித் தடவை ஆட்கள் வேகத்தைத்தான் எடுக்கிறார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் நிழலைவிட, விரல் அழுத்தியதும் அசையும் கேம் மேல் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

இத்தனைக்கும் முன்பெல்லாம் இரண்டு மூன்று ஆண்டு பொறுத்தால் அதே காசுக்கு இரட்டிப்புக் கார்டு கிடைக்கும், மோசமான கேமின் பாவமும் அதில் கரைந்துவிடும். இப்போது அந்தப் பொறுமைக்குப் பலன் குறைந்துவிட்டது. சிப் நுணுக்கமாக ஆக ஆக டிரான்சிஸ்டர் விலை முன்போல் இறங்குவதில்லை. 2016-இல் 249 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபி நினைவகம் இருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து 299 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5060-இல் 8 ஜிபி. மேல்தட்டில் வேகத்தை மின்சாரம் ஊற்றி வாங்குகிறார்கள். 1060 குடித்தது 120 வாட், 5090 குடிப்பது 575. அவ்வளவும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியே வரும், சென்னையின் மே மாதத்தில் அது ஏசிக்கும் சேர்த்து ஒரு பில்.

எனவே ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு விலை விசாரித்துக்கொண்டிருப்பவருக்கு என் யோசனை இது. 1080பி திரை என்றால் ரே டிரேசிங் உள்ள நடுத்தரக் கார்டு போதும், ஏனென்றால் இனி அது இல்லாமல் சில கேம்கள் திறக்கவே திறக்காது. வேகத்தைவிட நினைவகத்தைப் பாருங்கள். கூர்மையான டெக்ஸ்சருக்குக் கார்டு பெரிதாக உழைக்க வேண்டியதில்லை, வைக்க இடம் இருந்தால் போதும். திரையில் உடனே கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். 12 ஜிபி கார்டு கையில் அகப்பட்டால் இன்னும் கொஞ்சம் வேகமான 8 ஜிபி கார்டை விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்ததும் டெக்ஸ்சரை மட்டும் உச்சத்தில் வைத்து, நிழல், மூட்டம், பிரதிபலிப்பு மூன்றையும் அல்ட்ராவிலிருந்து ஒருபடி இறக்குங்கள். புதிதாக வரும் பெரிய கேமை முதல் நாளே வாங்காமல் மூன்று மாதம் விட்டுவிட்டால், அதே கார்டில் அது பெரும்பாலும் இன்னும் நன்றாக ஓடும். திருத்தங்களும் வந்திருக்கும், விலையும் இறங்கியிருக்கும்.